சனிக்கிழமை டிராலி

ஒருவருடைய லட்சணத்தைத் தெரிந்துகொள்ள அவர் வீட்டுக்குப் போக வேண்டியதில்லை, நாலு பேரை விசாரிக்க வேண்டியதில்லை. சூப்பர் மார்க்கெட்டில் டிராலியை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்கிறார் என்று பார்த்தாலே போதும். குழந்தையை அதற்குள் உட்கார வைத்து ரயில் ஓட்டுகிறவர் உண்டு. டிராலியை நடுவழியில் குறுக்கே நிறுத்திவிட்டு, துவரம்பருப்புக்கு முன்னால் நின்று சம்பந்தி வீட்டாரோடு போனில் மல்லுக்கட்டுகிறவர் உண்டு. முட்டி வலிக்காரர்கள் ஒரு சீயக்காய்ப் பாக்கெட்டை உள்ளே போட்டு, கைப்பிடியில் பாரத்தைச் சாய்த்துக்கொண்டு, ஏசியில் கடை முழுக்க ஒரு நடை போய்விட்டு வருவார்கள். பில் போட்ட பிறகு ஆட்டோ வரை உருட்டிக்கொண்டு போய், சாமானை ஏற்றியதும் டிராலியைச் சாக்கடை ஓரத்தில் அம்போவென்று விட்டுவிட்டுப் போகிற மகராசர்களும் இருக்கிறார்கள். இவர்களெல்லாம் வீட்டில் எப்படி நடந்துகொள்வார்கள் என்று கேட்டால் ப்ரீத்தி எழுதியே கொடுத்துவிடுவாள்.

ஸ்ரீரங்கத்தில், ராஜகோபுரத்திலிருந்து காவிரிப் பாலத்துக்குப் போகிற வழியில் இருந்தது அந்தக் கடை. அங்கே அவளுக்கு இரண்டு வேலைகள். பார்க்கிங்கிலும் ரோட்டோரத்திலும் கிடக்கிற டிராலிகளைப் பொறுக்கி, ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி, நீளமாகத் தள்ளிக்கொண்டு வந்து வாசலில் சேர்ப்பது ஒன்று. யாராவது சாமானை நிரப்பிவிட்டு வாங்காமல் போன டிராலியைப் பிரித்து, ஒவ்வொன்றையும் அதனதன் அலமாரியில் திரும்ப வைப்பது இன்னொன்று. பர்ஸை வீட்டில் மறந்துவிட்டு வந்தவர்கள், பில் வரிசையின் நீளத்தைப் பார்த்து வெறுத்துப்போனவர்கள், 'எதுக்கு இத்தனை ஷாம்பூ' என்று புருஷன் கேட்ட ஒரே கேள்வியில் ரோஷம் வந்து வெறுங்கையோடு வெளியே நடந்தவர்கள் என்று இந்த ரகத்துக்குக் குறைவே கிடையாது. கேட்பாரற்று நிற்கிற டிராலிக்குள் ஐஸ்கிரீம் உருகி, பருப்புப் பாக்கெட்டெல்லாம் பிசுபிசுத்துப் போயிருக்கும். அதைத் துடைத்துவிட்டுத்தான் வைக்க வேண்டும்.

சனிக்கிழமை டிராலி முதன்முதலில் வந்தபோது அதையும் இந்த ரகத்தில்தான் சேர்த்தாள். பிளாஸ்டிக் வாளிகள் அடுக்கிய பின்மூலையில், பார்க்கிங்கைப் பார்த்த கண்ணாடிச் சுவரை ஒட்டி, அது நின்றிருந்தது. சேமியா, கடலை மிட்டாய், இஞ்சி மரப்பா, நாலைந்து சாத்துக்குடி, சின்ன பாட்டிலில் தேங்காய் எண்ணெய், கண் மை. யாரோ வயசுப் பெண்ணுக்கு வாங்கியிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டே ஒவ்வொன்றாக எடுத்தாள். சேமியாவுக்கு அடியில், கடையின் ஆஃபர் நோட்டீசில் சுற்றி, ஒரு நாப்கின் பாக்கெட் இருந்தது.

ப்ரீத்தி அதைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டாள். நாப்கினை மறைத்து எடுக்கிறவர்கள் ஊரில் எத்தனையோ பேர். ஆனால் அவள் எப்போதும் உபயோகிக்கிற அதே ரகம், அதே அளவு, கூடவே இஞ்சி மரப்பா? அந்த நாட்களில் அவளுக்கு வயிற்றைப் புரட்டும். அதற்காக இஞ்சி மரப்பா வாங்குகிற ஆள் உலகத்திலேயே ஒருவர்தான். அவளுடைய அம்மா, மட்டுவார்குழலி.

ப்ரீத்தி செத்துப்போய் அப்போது ஒரு வருஷம் ஆகியிருந்தது.

உறையூர்ச் சுவர்களில் அப்படித்தான் ஒட்டியிருந்தது. கண்ணீர் அஞ்சலி என்று மேலே கொட்டை எழுத்து, நடுவில் அவளுடைய கல்லூரிப் போட்டோ, கீழே 'ஆறாத் துயரில் வாடும் தந்தை ரெங்கராஜ்'. அவள் செய்த குற்றம், ஏசி மெக்கானிக் ஸ்டீபன்ராஜைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டது. ரெங்கராஜ் திருவெறும்பூர் பக்கத்தில் பெரிய தொழிற்சாலையில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் அரைகுறையாகச் செய்யத் தெரியாத மனிதர். போஸ்டரோடு நிறுத்தவில்லை. அம்மா மண்டபத்துப் படித்துறையில் எள்ளும் தண்ணீரும் இறைத்தார். பதினாறாம் நாள் சொந்தபந்தங்களைக் கூப்பிட்டு இலை போட்டார். வந்தவர்களும் வெட்கமில்லாமல் உட்கார்ந்து பாயசம் வரைக்கும் சாப்பிட்டுவிட்டுத்தான் போயிருக்கிறார்கள். உயிரோடு இருக்கிற பெண்ணுக்குக் கருமாதிச் சோறு தின்ன ஒருத்தருக்கும் தொண்டையில் விக்கவில்லை.

அந்தப் போஸ்டரை ப்ரீத்தியே டவுன் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். சிக்னலில் பஸ் நின்றபோது, தன் முகமே சுவரிலிருந்து தன்னைப் பார்த்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள், 'ஐயோ பாவம், சின்னப் பொண்ணு' என்று உச்சுக்கொட்டினாள்.

அம்மா கடைசியாகப் பேசியது அதற்கு மறுநாள். யாருக்கும் கேட்காமல் போனில் கிசுகிசுத்தாள். "உங்கப்பா தாலிய தொட்டு சத்தியம் வாங்கிட்டாருடி. உன் முகத்துல முழிக்க மாட்டேன், பேச மாட்டேன்னு. மீறினா அவருக்கு ஏதாவது ஆயிடும். நல்லா சாப்பிடு." அதற்கப்புறம் அந்த நம்பர் உபயோகத்தில் இல்லை. ஒருமுறை ஸ்டீபன்ராஜ் நேரில் போய்ப் பேசிப் பார்த்தான். சட்டை கிழிந்து திரும்பி வந்தான்.

ஆகவே அந்த நாப்கின் பாக்கெட்டைக் கையில் பிடித்தபடியே ப்ரீத்தி வாசலுக்கு ஓடினாள். சனிக்கிழமை மாலை, பெருமாளைச் சேவித்துவிட்டு வருகிற கூட்டம் துளசியும் திருமண்ணுமாக ரோடு முழுக்க நிரம்பியிருந்தது. அம்மா எங்கேயும் இல்லை.

அடுத்த சனிக்கிழமையும் டிராலி வந்தது. அதற்கடுத்த வாரமும். அவள் பார்க்கிங்கில் டிராலி சேகரித்துவிட்டுத் திரும்புவதற்குள் அதே மூலையில், அதே சாமான்களோடு நின்றிருக்கும். ஒருநாள் கண்ணாடியில், சின்ன உருவமான அம்மாவின் நெற்றி உயரத்தில், குங்குமம் ஈஷியிருந்தது. நெற்றியைக் கண்ணாடியில் அழுத்தி வைத்து வெளியே பார்த்திருக்கிறாள். வெளியே ப்ரீத்தி வெயிலில் டிராலிகளோடு மாரடித்துக்கொண்டிருந்தாள். அம்மா சத்தியத்தை மீறவில்லை. மகள் முகத்தில் முழிக்காமல், முதுகைப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறாள்.

பில் கவுண்டர் சுபஸ்ரீதான் இந்தக் கடையில் அவளுக்கு இருந்த ஒரே தோழி. அவளிடம் மட்டும் சொன்னாள். சுபஸ்ரீ வந்து டிராலியை எட்டிப் பார்த்தாள். எதையும் யோசித்துப் பேசுகிற பழக்கம் அவளுக்குக் கிடையாது.

"என்னடி இது, படையல் மாதிரி இருக்கு? எங்க மாமா தவறினப்போ இப்படித்தான் அவருக்குப் பிடிச்சதா பாத்துப் பாத்து வாங்கி வச்சோம். வச்சுட்டு எல்லாரும் வெளிய வந்து கதவ சாத்திட்டோம். மாமா வந்து சாப்பிடட்டும்னு."

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஆனால் ப்ரீத்திக்குக் கோபம் வரவில்லை. அதுதானே உண்மை? செத்த மகளிடம் பேசக் கூடாது, பார்க்கக் கூடாது. படைக்கலாம். படைப்பதற்கு எந்தச் சத்தியமும் தடை இல்லை. அம்மா கணக்காகத்தான் செய்திருக்கிறாள். அன்றிலிருந்து எல்லாவற்றையும் அலமாரியில் திருப்பி வைக்கும்போது, கடலை மிட்டாயை மட்டும் தன் கணக்கில் பில் போட்டுச் சாப்பிட்டாள். படைத்ததை யாரும் தொடாமல் இருந்தால் படைத்தவர் மனசு என்ன பாடுபடும் என்று அவளுக்கு இருந்தது.

"கேமராவுல பாத்துடலாமே? மேனேஜர்ட்ட கேளு" என்றாள் சுபஸ்ரீ.

"வேணாம். பாத்தா அம்மா வராம போயிடுவாங்க."

இதில் என்ன நியாயம் என்று சுபஸ்ரீக்குப் புரியவில்லை. கதவைச் சாத்திவிட்டு எட்டிப் பார்க்கக் கூடாது, அவ்வளவுதான். ப்ரீத்தி சனிக்கிழமை தோறும் சரியான நேரத்துக்குப் பார்க்கிங்குக்குப் போனாள். கண்ணாடிச் சுவரின் பக்கம் திரும்பாமல் வேலை செய்தாள். முதுகு கூசும். யாரோ பார்க்கிறார்கள் என்று தெரிந்து வருகிற கூச்சம். அது அவளுக்குப் பயமாகவும் இருந்தது, தித்திப்பாகவும் இருந்தது.

ஆனி மாசம் அவளுக்கு நாள் தள்ளிப்போனது. ஸ்டீபன்ராஜைத் தவிர யாருக்கும் சொல்லவில்லை. அந்தச் சனிக்கிழமை மாலை பார்க்கிங்கில், டிராலி ஸ்டாண்டுக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்துவிட்டு வந்தாள். அடுத்த சனிக்கிழமை டிராலியில் சேமியாவுக்கு அடியில் நாப்கின் இல்லை. பேரீச்சம்பழமும் மாதுளம்பழமும் ஒரு சின்ன பாட்டில் தேனும் இருந்தன.

வாளிகளுக்கு நடுவே உட்கார்ந்து ப்ரீத்தி அழுதாள். கல்யாணத்துக்கு அழாதவள், போஸ்டரைப் பார்த்து அழாதவள், மாதுளம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதாள். வயிறு தெரியத் தொடங்கியதும் மேனேஜர் அவளை டிராலி தள்ள வேண்டாம் என்று சொல்லிவிட்டார். வாட்ச்மேன் மருதை அந்த வேலையை எடுத்துக்கொண்டார். ஆனாலும் சனிக்கிழமை மாலை மட்டும் அவள் விடமாட்டாள். ஒரு டிராலியையாவது உருட்டிக்கொண்டு பார்க்கிங்கில் நிற்பாள். அம்மா பார்க்கட்டும் என்று கொஞ்சம் பக்கவாட்டில் திரும்பி நிற்பாள்.

புரட்டாசி பிறந்தது. முதல் சனிக்கிழமை ஸ்ரீரங்கத்தில் மூச்சுவிட இடமில்லை. அன்றைக்கு டிராலி வரவில்லை. கூட்டத்துக்குப் பயந்து வந்திருக்க மாட்டாள் என்று ப்ரீத்தி தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். அடுத்த வாரமும் வரவில்லை. புரட்டாசி முழுக்க வரவில்லை. பின்மூலை காலியாகவே கிடந்தது.

அப்பாவுக்குத் தெரிந்துபோய்விட்டதா? அம்மாவுக்கு உடம்பு முடியவில்லையா? அதற்குமேல் நினைக்க அவளுக்குத் தைரியம் இல்லை. ஒரு வார நாளில் துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டு டவுன் பஸ்ஸில் உறையூர் வழியாகப் போனாள். தெரு முனையில் பஸ் மெதுவாகத் திரும்பியது. வீட்டு வாசலில் அப்பாவின் பழைய ஸ்கூட்டர் நின்றது. பந்தல் இல்லை, நாற்காலிகள் இல்லை. பஸ் போகிற வழியெல்லாம் சுவர்களைப் படித்துக்கொண்டே போனாள். உயிரோடு இருந்த மகளுக்கே போஸ்டர் அடித்த மனிதர், பெண்டாட்டிக்கு ஒன்று என்றால் அடிக்காமலா இருப்பார்? எங்கேயும் அம்மாவின் முகம் இல்லை. அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு தீபாவளி வரை நாட்களைத் தள்ளினாள்.

தீபாவளி முடிந்த சனிக்கிழமை, டிராலி மறுபடியும் வந்தது.

பின்மூலையில் அதைத் தூரத்திலிருந்து பார்த்ததுமே ப்ரீத்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடினாள். அம்மா இருக்கிறாள், அம்மாவுக்கு ஒன்றும் ஆகவில்லை! கிட்டே போனதும் கால்கள் தாமாக நின்றன. சேமியா இருந்தது. அதற்குப் பக்கத்தில் இன்னொரு சேமியா, அதற்கு மேலும் ஒன்று. சாத்துக்குடி இருக்க வேண்டிய இடத்தில் பாத்திரம் தேய்க்கிற சோப்பு. கண் மைக்குப் பக்கத்தில் பினாயில். சேமியாவைத் தூக்கினாள். அடியில், ஆஃபர் நோட்டீசில் பத்திரமாகச் சுற்றி, நாப்கின் பாக்கெட்.

கண்ணாடிக்குப் பின்னாலிருந்தே மகள் உண்டாகியிருக்கிறாள் என்று கண்டுபிடித்தவள், ஆறு மாச வயிற்றோடு நிற்கிறவளுக்கு நாப்கின் எடுப்பாளா? இது அம்மா இல்லை. ஆனால் நோட்டீசில் சுற்றிச் சேமியாவுக்கு அடியில் ஒளிக்கிறது அம்மாவைத் தவிர யாருக்குத் தெரியும்?

"செத்தவங்களுக்குப் புதுசா நடந்தது எதுவும் ஞாபகம் நிக்காதாம்டி, பழசுதான் இருக்குமாம்" என்று சுபஸ்ரீ எப்போதோ பேச்சுவாக்கில் சொன்னது ப்ரீத்திக்கு அந்த நேரம் பார்த்து நினைவுக்கு வந்தது. 

அன்றைக்குத்தான் மேனேஜரிடம் கேமராவைப் போட்டுக் காட்டச் சொன்னாள். அவர் முனகிக்கொண்டே போட்டார். தீபாவளி ஆஃபருக்காகக் கட்டித் தொங்கவிட்ட தட்டியை இன்னும் கழற்றியிருக்கவில்லை. பாதிப் படத்தை அது மறைத்துக்கொண்டிருந்தது. தட்டிக்குக் கீழே டிராலியின் மூக்கு மட்டும் தெரிந்தது. மெதுவாக நகர்ந்து வந்து, சேமியா அலமாரிக்கு முன்னால் நின்றது. வெகுநேரம் நின்றது. பிறகு மேலேயிருந்து ஒரு பாக்கெட் டிராலிக்குள் விழுந்தது. போட்ட கையைக் காணோம். டிராலி நகர்ந்தது, நின்றது, திரும்பி வந்து அதே இடத்தில் மறுபடியும் நின்றது. இன்னொரு பாக்கெட் விழுந்தது.

"யாரோ கஸ்டமர்தான்மா. அந்தத் தட்டிய முதல்ல கழட்டணும்" என்று மேனேஜர் எழுந்துபோய்விட்டார். சுபஸ்ரீ ப்ரீத்தியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"நான் வேணா உறையூர் போயி விசாரிச்சுட்டு வரட்டா?"

"வேணாம்."

"எவ்ளோ நாளைக்கு இப்படியே இருப்ப?"

"அடுத்த சனிக்கிழமை வரைக்கும்" என்றாள் ப்ரீத்தி. யார் வாயிலிருந்தோ கேட்பதைவிட, வருவது பேயாகவே இருந்தாலும் நேரில் பார்த்துவிடுவது என்று முடிவு செய்துவிட்டாள். பேயாக வந்தாலும் அம்மாதானே. அம்மாவைப் பார்த்து என்ன பயம்?

அந்த வாரம் அவள் சரியாகத் தூங்கவில்லை. ஸ்டீபன்ராஜ் எவ்வளவோ கேட்டும் ஒன்றும் சொல்லவில்லை.

சனிக்கிழமை மாலை, பார்க்கிங்குக்குப் போகாமல், எண்ணெய் டின்கள் அடுக்கிய வரிசைக்குப் பின்னால் நின்றாள். அங்கிருந்து சேமியா அலமாரி தெரியும். ஒரு பையன் டிராலியில் தொங்கிக்கொண்டு போனான், அவன் அம்மா அதட்டிக்கொண்டே பின்னால் போனாள். ஒரு மாமா பெருங்காய டப்பாவை முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தார். அப்புறம் ஒரு டிராலி கிறீச்சென்று சத்தம் போட்டுக்கொண்டு வந்தது. அதைத் தள்ளியவர் கைப்பிடியில் நெஞ்சே படும்படி கவிழ்ந்திருந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, பொத்தான்கள் மாற்றிப் போட்டிருந்தன. அவர் தலையை நிமிர்த்தினார்.

அப்பா.

இவரா? போஸ்டர் அடித்த இவரா? இந்த ஒன்றரை வருஷத்தில் இருபது வருஷம் கூடியது போல இருந்தார். சேமியாவுக்கு முன்னால் நின்றார். யாரோ பக்கத்திலிருந்து சொல்வதைக் கேட்பவர்போல் காதைச் சாய்த்தார். தலையாட்டினார். ஒரு பாக்கெட்டை எடுத்துப் போட்டார். நாப்கின் வரிசைக்குப் போய், சுற்றுமுற்றும் பார்த்து, ஆஃபர் நோட்டீசில் சுற்றி, குனிந்து அடியில் வைத்தார். தொழிற்சாலையில் நூறு பேரை மேய்த்த கை அது. தப்பு வந்துவிடக் கூடாதே என்று நடுங்கியது.

அப்பா மட்டும்தான் இருந்தார். ப்ரீத்தி ஒவ்வொரு வரிசையாகப் பார்த்தாள். அம்மா இல்லை. கூட யாரும் இல்லை. பக்கவாட்டுக் கதவு வழியாகப் பார்க்கிங்குக்கு விரைந்தாள். மூன்றாவது ஆட்டோவில் அப்துல் சலாம் உட்கார்ந்திருந்தார். உறையூரில் அவர்கள் தெருமுனை ஸ்டாண்டில் வண்டி ஓட்டுகிறவர், அவளைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போய்க் கூட்டிவந்தவர். அவளைப் பார்த்ததும் சட்டென்று இறங்கி நின்றார். பின்சீட் காலியாக இருந்தது.

"சலாம் பாய், அம்மா எங்க?"

அவர் அவள் வயிற்றைப் பார்த்தார், முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"பாய், சொல்லுங்க. எங்கம்மா எங்க?"

"தவறிட்டாங்க பாப்பா" என்றார். "பொரட்டாசி மொத சனி. இங்க வரத்தான் கெளம்பிட்டு இருந்தாங்க. வாசப்படி எறங்கும்போது நெஞ்ச புடிச்சிக்கிட்டு உக்காந்தாங்க. நான்தான் வண்டியில போட்டுக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுனேன். வழியிலயே போயிட்டாங்க."

ப்ரீத்தி ஆட்டோக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். சுற்றிலும் வண்டிகள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. கோயில் பக்கமிருந்து யாரோ தேங்காய்மூடியும் பூவுமாகச் சிரித்துப் பேசிக்கொண்டு வந்தார்கள்.

"எனக்கு ஏன் யாரும் சொல்லல?"

"உங்க சித்தப்பா கூடாதுன்னுட்டாரு. சாவு வீட்ல தகராறு வேணாம்னு. அடுத்த தெருவுல அவரு வீட்லதான் இப்போ அப்பா இருக்காரு. அப்பாவுக்கு ஞாபகமே சரியா இல்ல பாப்பா, ஒரு வருஷமா இப்படித்தான். தனியா வுட்டா எங்கியாவது போயிடுவாருன்னுதான் அம்மா வாராவாரம் கூடவே இங்க இட்டுக்கிட்டு வருவாங்க. அம்மா எடுத்துப் போடுவாங்க, அவரு தள்ளிக்கிட்டுப் போவாரு. எதுக்கு வர்றோம்னுகூட அவருக்குத் தெரியாது. யாருகிட்டயும் மூச்சு விடக் கூடாதுன்னு அம்மா என்கிட்ட வாக்கு வாங்கிட்டாங்க. இப்போ தீவாளிக்கப்புறம், சனிக்கிழமை ஆனா சட்டைய மாட்டிக்கிட்டு ஸ்டாண்டுக்கு வந்து நிக்கிறாரு. மனசு கேக்காம இட்டுக்கிட்டு வரேன்."

"என்னை யாருன்னாவது அவருக்குத் தெரியுமா?"

சலாம் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அவரு ஒட்டுன போஸ்டர அவரே நம்பிட்டாரு பாப்பா. நீ செத்துட்டன்னுதான் அவருக்கு நெனப்பு. ஒட்டுனது மறந்துபோச்சு. அது மட்டும் நின்னுபோச்சு. சில நாளு உம்பேரச் சொல்லி அழுவாரு."

ப்ரீத்திக்கு அம்மாவுக்காக அழ வேண்டும். ஆனால் அப்போது பொங்கி வந்தது ஆத்திரம்தான். அம்மாவின் முகத்தைக்கூடப் பார்க்க விடவில்லை. தாலியைத் தொடவைத்து சத்தியம் வாங்கியவர் அந்தச் சத்தியத்தையே மறந்துவிட்டார். இவர் செய்த பாவமெல்லாம் இவருக்கு மறந்துபோகும், இவள் மட்டும் ஒவ்வொன்றையும் சுமக்க வேண்டும். உள்ளே போய் அந்தச் சட்டையைப் பிடித்து உலுக்கப் போகிறாள். நான் உயிரோடு இருக்கிறேன், என்னைக் கொன்றது நீங்கள்தான் என்று கடை முழுக்கக் கேட்கும்படி கத்தப் போகிறாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு விறுவிறுவென்று உள்ளே நடந்தாள்.

ரெங்கராஜ் பின்மூலையில் இருந்தார். டிராலியை வாளிகளுக்குப் பக்கத்தில் விட்டுவிட்டு, கண்ணாடிச் சுவரில் நெற்றியை வைத்துப் பார்க்கிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா வாராவாரம் செய்ததைப் பார்த்துப் பழகியிருக்கிறார் போலும். வெளியே மருதை தனியாக டிராலி வரிசையை இழுத்துக்கொண்டிருந்தார். ப்ரீத்தி அப்பாவுக்குப் பின்னால் போய் நின்றாள். வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்த கண்ணாடியில் அவள் உருவம் விழுந்தது.

அவர் திடுக்கிடவில்லை. திரும்பவும் இல்லை. கண்ணாடியில் தெரிந்த அவளையே உற்றுப் பார்த்தார். முகம் மலர்ந்தது. இத்தனை வருஷத்தில் அவள் பார்க்காத மலர்ச்சி.

"வந்துட்டியா" என்றார் மெதுவாக. "வெளிய காணோமேன்னு பாத்தேன்."

கத்துவதற்குத் திறந்த வாய் அப்படியே நின்றது.

அவர் பார்வை கண்ணாடியில் அவள் வயிற்றுக்கு இறங்கியது. "உங்கம்மா சரியாத்தான் சொல்லியிருக்கா. பொண்ணு மாசமா இருக்கான்னு சொன்னா. போனவ எப்படிடி மாசமா இருப்பான்னு கேட்டேன். அதெல்லாம் இருப்பா, உங்களுக்கென்ன தெரியும்னா. அவளுக்குப் பக்கத்துல ஆளு வேணும், நான் அவகிட்ட போறேன், என்னைத் தடுக்காதீங்கன்னு ஒரே அழுகை." கண்ணாடியில் மூச்சுப்பட்டு மங்கிய இடத்தைக் கையால் துடைத்தார். "நான் தடுக்கலம்மா. சரி, போயிட்டு வான்னேன். பச்சைப் பட்டுப் புடவைய எடுத்துக் கட்டிக்கிட்டா, தலை நிறைய பூ வச்சுக்கிட்டா. அப்படியே கெளம்பிட்டா."

அம்மா வந்துகொண்டிருந்தாள். அன்றைக்குக் கண்ணாடிக்குப் பின்னால் நிற்பதற்காக இல்லை, கதவைத் திறந்துகொண்டு வருவதற்காக. கூட்டத்துக்குப் பயந்து வரவில்லை என்று ப்ரீத்தி சமாதானம் சொல்லிக்கொண்ட அதே நேரம், பட்டுப் புடவையோடு வாசற்படி இறங்கியிருக்கிறாள்.

ப்ரீத்திக்கு அப்போதுதான் அழுகை வந்தது. சத்தம் வராமல் இருக்கத் துப்பட்டாவை வாயில் அழுத்திக்கொண்டாள். அப்பா கண்ணாடியைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. திரும்பினால் அவள் மறைந்துவிடுவாள் என்று பயப்படுகிறார் என்பது அவளுக்குப் புரிந்தது. பதிலுக்காகக் காத்திருந்த அந்த முகத்தில், அவள் பிடித்து உலுக்க நினைத்த மனிதர் எங்கேயும் இல்லை.

"போனவ போனவதான், ஒரு சேதியும் இல்ல" என்றார். "அவளுக்கு வழி சரியா தெரியாது. பஸ் நம்பர்கூட மாத்தி ஏறிடுவா. அதான் ஒவ்வொரு வாரமும் வந்து பாக்கறேன். வந்து சேந்தாளா?"

ப்ரீத்தி கண்ணாடியில் அவரைப் பார்த்தாள். துப்பட்டாவை வாயிலிருந்து எடுத்தாள்.

"வந்துட்டாங்கப்பா" என்றாள். "நல்லபடியா வந்து சேந்துட்டாங்க."